அப்பிள் மசியல்: வீட்டில் செய்து போத்தலில் அடைக்கும் முறை

திருகோணமலையில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார் என்றால், அடுத்த இரண்டு நாளுக்குள் அந்த வீட்டு மேசை அப்பிளாலும் தோடம்பழத்தாலும் நிறைந்துவிடும். தோடம்பழத்தைப் பிழிந்து குடித்து முடித்துவிடுவார்கள். அப்பிள் அப்படியே கிடக்கும். எங்கள் ஊர் வெக்கையில் கொஞ்ச நாளிலேயே மொறுமொறுப்புப் போய் மாவாகிவிடும். பிறகு அதைக் கடித்துச் சாப்பிட யாருக்கும் மனம் வராது. அந்தப் பழத்தை எறியத் தேவையில்லை. தோல் சீவி, வேகவைத்து, மசித்து, முறையாகப் போத்தலில் அடைத்துவிட்டால் குளிர்சாதனப்பெட்டியின் உதவி இல்லாமலே மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். பல் இல்லாத பெரியவர்களுக்கும், காய்ச்சலில் வாய் கசந்து கிடப்பவர்களுக்கும், ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளுக்கும் இதமாக இறங்கும் உணவு இது.

முறையாக என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். மசியலைச் சூடாக ஊற்றி இறுக மூடிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. மசியல் செய்வது ஒரு வேலை, நிரப்பி மூடிய போத்தலைக் கொதிநீரில் அமிழ்த்தி அவிப்பது வேறொரு வேலை. முதலாவது சுவைக்கு. அதில் சீனியைக் கூட்டலாம், குறைக்கலாம், உங்கள் கைப்பக்குவத்தைக் காட்டலாம். இரண்டாவது பாதுகாப்புக்கு. அதில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்க உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை.

பழம் தெரிவு

நமக்குக் கிடைக்கும் அப்பிள் அனேகமாக எல்லாமே கடல் கடந்து வருவதுதான். சிவப்பு, பச்சை என்று கடைக்காரர் பிரித்து வைத்திருப்பார். பச்சை அப்பிள், அதாவது கிரனி ஸ்மித், புளிப்பு மிக்கது, வேகும்போது நன்றாகக் கரையும். பியூஜி, காலா போன்ற சிவப்பு இனங்கள் இனிப்பானவை. இரண்டு பங்கு சிவப்புக்கு ஒரு பங்கு பச்சை என்று கலந்தால் சீனியே தேவைப்படாத நல்ல சுவை வரும். சிவப்பு மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அதிலும் செய்யலாம், தேசிக்காய்ச் சாற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ பழத்துக்கு ஒரு லீற்றர் மசியல் கிடைக்கும். முதல் தடவை மூன்று கிலோவுடன் நிறுத்துங்கள். நடுத்தர அளவுப் பழம் என்றால் இருபது வரை இருக்கும். அதிலிருந்து 400 மில்லிலீற்றர் போத்தல் ஐந்து நிரம்பும். ஆசைப்பட்டு ஒரு பெட்டி முழுவதையும் அன்றே முடிக்க நினைத்தால், சீவி வைத்த பழம் கறுத்துக் கிடக்க, கையும் ஓய்ந்துவிடும்.

அடிபட்ட பழத்தைச் சந்தையில் மலிவாகக் கொடுப்பார்கள். வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள். விழுந்து கன்றிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. பூஞ்சணம் பிடித்த பழமோ, வெட்டும்போது நடுவில் அழுகிக் கறுத்திருக்கும் பழமோ அப்படியல்ல. அழுகும் அப்பிளில் வளரும் சில பூஞ்சணங்கள் பட்டுலின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அது முழுதாக அழியாது. அத்தகைய பழத்தை முழுவதுமாக ஒதுக்கிவிடுங்கள். குழந்தைக்கும் நோயாளிக்கும் கொடுக்கும் உணவில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

பாத்திரமும் போத்தலும்

மசியல் காய்ச்ச அடி தடித்த எவர்சில்வர்ப் பாத்திரம் எடுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், பழத்தின் புளிப்பு அதை அரிக்கும். போத்தல்களை அவிக்கும் பானைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அதில் வெறும் தண்ணீர்தானே. வீட்டில் விசேஷங்களுக்குச் சோறு வடிக்கும் பெரிய பானை போதும். ஆழம்தான் முக்கியம்: போத்தலை நிறுத்திய பிறகு மூடிக்கு மேல் குறைந்தது இரண்டரை சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், அதற்கும் மேலே தண்ணீர் கொதித்துப் புரள இடம் வேண்டும்.

இந்த வேலையில் நம் ஊரில் சிரமம் தருவது போத்தல் மூடிதான். வெளிநாட்டுச் செய்முறைகளில் தட்டையான மூடி ஒன்றும் அதைப் பிடிக்கும் திருகு வளையம் ஒன்றுமாக இரண்டு துண்டு மூடியைச் சொல்வார்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள், வளையத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம், தட்டை மூடியை ஒரு தடவைதான். கிடைக்காதபோது, உட்புற விளிம்பில் மெத்தென்ற வளையம் பூசிய புதிய ஒற்றைத் திருகு மூடிகளைப் போத்தலோடு சேர்த்து வாங்குங்கள். மத்திய வீதிப் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், அங்கே இல்லையென்றால் கொழும்பிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பியுங்கள். வீட்டில் சேர்த்து வைத்த ஜாம் போத்தலின் பழைய மூடியில் அந்த வளையம் ஏற்கனவே ஒரு தடவை அழுந்திப் பள்ளமாகியிருக்கும். அது மறுபடி காற்றை அடைக்கும் என்று நம்ப முடியாது. பழைய மூடிதான் இருக்கிறது என்றால் மசியலைச் செய்யுங்கள், ஆனால் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள். உறைபெட்டியில் வைத்தால் பல மாதம் இருக்கும். கம்பிக் கொக்கி போட்ட அலங்காரப் போத்தல்களை மிளகாய்த்தூளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு வேண்டாம்.

போத்தலின் வாயைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு சிறு சில்லுப் போயிருந்தாலும் அது தள்ளுபடி.

காய்ச்சுவது

பழத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இறக்குமதிப் பழங்களில் பளபளப்புக்காக மெழுகு பூசியிருக்கும். தோல் சீவி, நான்காகப் பிளந்து, விதையையும் அதைச் சுற்றியுள்ள கெட்டிப் பகுதியையும் எடுத்துவிட்டுத் துண்டுகளாக்குங்கள். வெட்ட வெட்ட, தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீரில் போட்டுக்கொண்டே வாருங்கள். வெட்டிய அப்பிள் காற்றுப் பட்டதும் பழத்திலுள்ள நொதியம் வேலை செய்து நிறத்தைப் பழுப்பாக்கும். புளிப்பு அந்த நொதியத்தை மந்தமாக்கும். நிறம் மாறினால் பழம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் வெளிறிய தங்க நிறத்தில் வரும் மசியலைப் பார்க்கும்போது கண்ணுக்கும் பசி எடுக்கும். அதற்காகவே இந்தச் சிறு மெனக்கேடு.

தண்ணீரை வடித்துவிட்டுத் துண்டுகளை எவர்சில்வர்ப் பாத்திரத்தில் போட்டு, அரைக் கோப்பை குடிநீர் மட்டும் விடுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் தாராளமாக ஊற்றிவிடுகிறார்கள். அப்பிள் தன் சாற்றிலேயே வேகும், அரைக் கோப்பைத் தண்ணீர் அடிப்பிடிக்காமல் தொடங்கிவைக்க மட்டும். மூடி போட்டு நடுத்தரத் தணலில் வைத்து அடிக்கடி கிளறுங்கள். இனத்தையும் கனிவையும் பொறுத்து ஐந்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் துண்டுகள் குழைந்துவிடும்.

துண்டு துண்டாக இருப்பது பிடித்தால் அகப்பையால் மசித்தாலே போதும். வழவழப்பாக வேண்டுமென்றால் கண் பெரிய அரிதட்டில் வைத்துக் கரண்டியால் அழுத்தித் தேயுங்கள். மிக்சியில் அரைப்பதானால் சற்று ஆறவிட்டு, கிண்ணத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் அரையுங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தூக்கி எறிந்து முகத்தைச் சுட்டுவிடும்.

இப்போது சுவை பாருங்கள். சீனி கட்டாயமில்லை. ஜாமில் கெடாமல் காப்பது சீனி, இதில் காப்பது பழத்தின் இயற்கையான புளிப்பும் வெப்பமும்தான். விரும்பினால் ஒரு லீற்றர் மசியலுக்கு இரண்டு மேசைக்கரண்டி சீனியிலிருந்து தொடங்குங்கள். குழந்தைக்கென்று செய்வதில் சீனியே போடாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எக்காரணம் கொண்டும் ஆகாது. லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு நான் எப்போதும் சேர்ப்பேன், அது சுவையைத் தூக்கும், நிறத்தையும் காக்கும். கறுவாப்பட்டை ஒரு துண்டைப் பழத்தோடு வேகவிட்டு, அடைப்பதற்கு முன் எடுத்துவிடலாம். உலகின் மிகச் சிறந்த கறுவா விளையும் நாட்டில் இருந்துகொண்டு அதைப் போடாமல் விடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். ஏலமும் போடலாம், கிள்ளளவு.

சேர்க்கக்கூடாதவையும் உண்டு. கோதுமை மா, சோள மா, பால், தேங்காய்ப்பால், வெண்ணெய் எதுவும் வேண்டாம். கெட்டிப்படுத்தும் மாவும் கொழுப்பும் போத்தலின் நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச் சேருவதைத் தாமதமாக்கும். அப்போது கீழே சொல்லும் நிமிடக் கணக்குச் செல்லாது. அவற்றைப் பரிமாறும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

மசித்ததைத் திரும்ப அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விடுங்கள். கெட்டியான மசியல் கொதிக்கும்போது சேற்றுக் குமிழி வெடிப்பதுபோலத் தெறிக்கும். கை நீளமான அகப்பையால் கிளறுங்கள், சிறு பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

அடைப்பதும் அவிப்பதும்

மசியல் வெந்துகொண்டிருக்கும்போதே பெரிய பானையில் தண்ணீரை வைத்துவிட வேண்டும். அடியில் மடித்த துணி ஒன்றையோ கம்பித் தட்டையோ போடுங்கள். கண்ணாடி நேரே பானையின் அடியில் பட்டால் வெடிக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய போத்தல்களை அந்தச் சுடுநீரிலேயே சூடாக வைத்திருங்கள். அவிக்கும் நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் என்பதால் போத்தலைத் தனியாகக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்க வேண்டியதில்லை, சுத்தமாகவும் சூடாகவும் இருந்தால் போதும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் என்றால் போத்தலின் வெளியே வெள்ளைப் படிவு ஒட்டும். பானைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி ஊற்றினால் ஒட்டாது.

ஒவ்வொரு போத்தலாக வெளியே எடுத்து, தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, கொதிக்கும் மசியலை நிரப்புங்கள். விளிம்பிலிருந்து ஒன்றேகால் சென்ரிமீற்றர், அதாவது அரை அங்குலம், வெற்றிடம் விடுங்கள். இதைவிடக் குறைத்தால் அவிக்கும்போது மசியல் பொங்கி மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே புகுந்துவிடும். கூட்டினால் உள்ளே காற்று மிஞ்சி மேற்பகுதி நிறம் மாறும். மெல்லிய மரக்குச்சியைப் போத்தலின் உள் ஓரமாக விட்டுச் சுற்றினால் சிக்கிய காற்றுக் குமிழிகள் மேலே வந்துவிடும். பிறகு ஈரத்துணியால் விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து மூடியைப் போடுங்கள். இரண்டு துண்டு மூடியானால் விரல் நுனியால் திருகும் இறுக்கம் போதும், முழுப் பலத்தையும் காட்ட வேண்டாம். அவியும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும்.

போத்தல்களை ஒன்றோடொன்று முட்டாமல் பானையில் நிறுத்தி, மூடிக்கு மேல் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து, பானையை மூடித் தணலைக் கூட்டுங்கள். தண்ணீர் மறுபடி தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய நொடியிலிருந்துதான் கணக்கு. அரை லீற்றரும் அதற்குக் குறைந்ததுமான போத்தலுக்கு 15 நிமிடம். ஒரு லீற்றர்ப் போத்தலுக்கு 20 நிமிடம். நடுவில் கொதி நின்றால் நேரத்தைத் திரும்பப் பூச்சியத்திலிருந்து எண்ண வேண்டும். ஆகவே எரிவாயு உருளையில் போதிய வாயு இருக்கிறதா என்று வேலையைத் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிமிடங்கள் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களுக்கு. திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் எல்லாவற்றுக்கும் சரி. மலைநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு இதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில் அது ஏறத்தாழ 94 பாகைதான். அங்கே அரை லீற்றர்ப் போத்தலுக்கு 25 நிமிடமும் ஒரு லீற்றர்ப் போத்தலுக்கு 35 நிமிடமும் வேண்டும்.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து, பானையைத் திறந்து, ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு போத்தலைச் சரிக்காமல் நேராகத் தூக்கி, மடித்த துவாயின் மேல் இடைவெளி விட்டு வையுங்கள். வெறும் சீமெந்துத் தரையிலோ, மின்விசிறிக்குக் கீழோ, கடற்காற்று அடிக்கும் யன்னலோரத்திலோ வேண்டாம், கண்ணாடி திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காது. மூடியைத் தொட்டு இறுக்க வேண்டாம், போத்தலைக் கவிழ்த்து வைக்கவும் வேண்டாம். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியின் நடுப்பகுதி தானாகவே உள்ளே இழுபடும். சில மூடிகள் டிக் என்று சத்தம் போடும்.

பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, மறுநாள் காலையில் ஒவ்வொரு மூடியின் நடுவையும் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கி அசையாமல் இருந்தால் அடைபட்டுவிட்டது. அமுங்கி எழும்பினால் அடைபடவில்லை. அந்தப் போத்தலைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து முதலில் சாப்பிடுங்கள்.

இதே முறையில் வேறு என்ன அடைக்கலாம்?

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். மீன் மலிந்த ஊர் இது. பாரையோ சூரையோ நிறைய வந்த நாளில், மீன்குழம்பையும் இப்படிப் போத்தலில் போட்டு அவித்தால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்திகள் கொதிநீரின் 100 பாகை வெப்பத்தில் சாவதில்லை. காற்றில்லாத போத்தலுக்குள் அவை முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சைச் சுரக்கும். உணவின் தோற்றத்திலும் மணத்திலும் மாற்றம் தெரியாமலே இது நடக்கக்கூடும். புளிப்பு மிகுந்த உணவில், அதாவது பிஎச் அளவு 4.6 அல்லது அதற்குக் குறைவாக இருக்கும் உணவில், அந்த வித்திகளால் முளைக்க முடியாது. அப்பிள் பெரும்பாலும் 4-க்குக் கீழே நிற்கும். கொதிநீர் முறை அப்பிளுக்குப் பொருந்துவது இதனால்தான். மீன், இறைச்சி, மரக்கறி, பருப்பு, தேங்காய்ச் சம்பல் ஆகியவற்றுக்கு 116 பாகைக்கு மேல் சூடேற்றும், இதற்கென்றே செய்த அழுத்தக் கலன் வேண்டும். பருப்பு அவிக்கும் பிரஷர் குக்கர் அந்த வேலைக்குப் பொருத்தமானதல்ல. மீனுக்கு நம் முன்னோர் கண்ட கருவாடும் உப்பும் இருக்கின்றன.

பழங்களிலும் கவனம் வேண்டும். பப்பாசி, வாழைப்பழம், வத்தகப்பழம் மூன்றும் இனிப்பானவை, புளிப்புக் குறைந்தவை. மசியலைப் பெருக்க அவற்றை அப்பிளோடு கலக்க வேண்டாம். மாம்பழத்தின் புளிப்பு இனத்துக்கு இனம், கனிவுக்குக் கனிவு மாறும். கறுத்தக்கொழும்பான் பழுத்தால் தேன்தான். அதற்குச் சாறு அளந்து சேர்க்கும் தனிச் செய்முறை உண்டு, அப்பிளின் கணக்கை அதில் போடக்கூடாது.

வைத்திருப்பதும் பயன்படுத்துவதும்

அடைபட்ட போத்தல்களைக் கழுவித் துடைத்து, திருகு வளையம் இருந்தால் கழற்றிவிட்டு, மூடியில் திகதி எழுதி வையுங்கள். இடம் இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழுள்ள மேல்தட்டு எக்காலத்திலும் உதவாது. அலுமாரியின் கீழ்த்தட்டு நல்லது. குளிர்நாட்டு நூல்களில் ஒரு வருடம் என்று எழுதியிருப்பார்கள், அது இருபது பாகை வெப்பத்தை வைத்துச் சொன்ன கணக்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வீடுகளுக்குள் இருக்கும் வெப்பத்தில் நிறமும் மணமும் விரைவாக மங்கும். ஆறு மாதத்துக்குள் தீர்க்கக்கூடிய அளவே செய்யுங்கள் என்பது என் கருத்து. உவர்க்காற்று மூடியைத் துருப்பிடிக்க வைக்கும், ஆகவே மாதம் ஒரு தடவை எடுத்துத் துடைத்துப் பாருங்கள்.

திறக்கும்போது மூடி இன்னும் உள்வாங்கியிருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் நுரைத்துச் சீறினாலோ, பூஞ்சணமோ புளித்த வாடையோ இருந்தாலோ நாக்கில் வைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். நன்றாக இருக்கும் போத்தலைத் திறந்த பின் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். சிறிய போத்தலாகப் பார்த்து வாங்குவது இதற்காகவும்தான்.

சூடான ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளலாம், பாணில் பூசலாம். கிண்ணியாவிலிருந்து வரும் எருமைத் தயிரில் இரண்டு கரண்டி விட்டுச் சாப்பிட்டால் கித்துள் பாணியைத் தேட மாட்டீர்கள். கேக் செய்யும்போது எண்ணெயில் பாதியைக் குறைத்து அதே அளவு மசியலைச் சேர்த்தால் கேக் இரண்டாம் நாளும் ஈரப்பதத்தோடு இருக்கும். அதற்குச் சீனி போடாத போத்தலை எடுத்துக்கொள்ளுங்கள்.